ஒருமுறை கேட்டால் போதும்

கிருபானந்தன் மாஸ்டர் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்தது மொத்தமே ஒன்றரை வருடம். அதுவும் பிள்ளைப்பேற்று லீவில் போன ஒரு ரீச்சருக்குப் பதிலாக. ஆனால் மொன்றியலில் செயின்ட்-மிஷேல் பக்கம் யாரைக் கேட்டாலும் அவர் மாஸ்டர்தான். துணி ஆலையில் பெட்டி கட்டிய காலம் முழுக்க மாஸ்டர்; இப்போது பென்சன் எடுத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்திருக்கும்போதும் மாஸ்டர். யாராவது மறந்துபோய் 'அண்ணை' என்று கூப்பிட்டால் காது கேளாதவர் மாதிரி இருந்துவிடுவார்.

அவருக்கு உலகத்தில் பெரும்பாலானவர்களைப் பிடிக்காது. பிரெஞ்சு பேசுகிறவர்களைப் பிடிக்காது. இந்த ஊரில் இவ்வளவு காலம் இருந்தும் 'போன்ஜூர்' தாண்டி ஒரு சொல் படிக்கவில்லை. சோம்பேறித்தனத்தைக் கொள்கை என்று சொல்லிக்கொள்ள அவருக்கு வெட்கமும் இல்லை. தமிழர்கள் பேசும் ஆங்கிலமோ அவருக்கு வயிற்றைப் பிரட்டும். கோயில் திருவிழாவில் செயலாளர் மைக்கைப் பிடித்து இங்கிலீஷில் நன்றி சொன்னால், பக்கத்தில் நிற்பவரின் விலாவில் இடித்து, “கேட்டீரோ, கிறமர் செத்துப்போச்சு” என்பார். சொல்லிவிட்டு அன்னதானப் பந்தியில் முதல் ஆளாக உட்காருவார்.

இப்படிப்பட்டவரின் ஒரே மகள் ஆர்த்திகா ஒருநாள் மாலை, மக்சிம் என்ற பையனைக் கட்டப்போவதாகச் சொன்னாள்.

“ரஷ்யனோ?” என்றார் மாஸ்டர்.

“மல்தோவா, அப்பா. வீட்டிலை ரஷ்யன் கதைப்பினம். அம்மாவும் அவரும் மட்டும்தான்.”

“எல்லாம் சைபீரியாதான்.”

அன்றிலிருந்து மக்சிமின் தாய் றோசாவுக்கு அந்த வீட்டில் சைபீரியா என்று பெயர். பாவம், அந்தப் பெண் பிறந்த ஊரில் திராட்சைதான் விளையும். புரோசார்டில் ஒரு கடையில் உடுப்பு அளவு திருத்திக் கொடுப்பது அவளுக்கு வேலை. பிரெஞ்சு நன்றாகவே பேசுவாள். ஆங்கிலம்தான் வராது.

ஒரேயடியாக மறுக்க மாஸ்டருக்கு வழியில்லை. ஆர்த்திகா வளர்ந்து வேலை பார்க்கிறவள். மனைவி செல்வமலருக்கோ பையனை முதல் நாளே பிடித்துவிட்டது. நண்டுக்கறியில் இடியப்பத்தைப் பிசைந்து, கை வழிய வழியச் சாப்பிட்டானாம். ஆகவே மாஸ்டர் ஒரு நிபந்தனை போட்டார்.

“தாய் என்னோடை இங்கிலீசிலை கதைக்கட்டும். பிரெஞ்சும் வேண்டாம், ரஷ்யனும் வேண்டாம். ரெண்டு குடும்பம் சேர்றதெண்டால் ஒரு மரியாதையான பாசை வேணும். அதுக்குப் பிறகு பாப்பம்.”

இதோடு விஷயம் படுத்துவிடும் என்று நினைத்தார். ஆனால் றோசா மகன் மூலம் பதில் அனுப்பினாள்: படிக்கிறேன், ஆனால் நல்ல ஆசிரியர் யாரையும் எனக்குத் தெரியாது, உங்களால் முடியுமா? மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருடம் கழித்து ஒரு மாணவி!

ஞாயிறு மாலைகளில் வீடியோ அழைப்பில் பாடம் நடந்தது. மாஸ்டர் மேலே கோட்டும் டையும் கீழே சாரமுமாக உட்காருவார். றோசா வேலைக் களைப்போடு முடியை இழுத்துக் கட்டிக்கொண்டு வருவாள்.

“ஸ்ட்ரோங் ரெயின்” என்பாள்.

“நோ! ஹெவி ரெயின். ரெயின் ஹெவி, ரீ ஸ்ட்ரோங்.”

மழைக்கு ஒரு சொல், தேநீருக்கு இன்னொரு சொல், ஏன் என்று கேட்பாள். மாஸ்டருக்கு ஏன் என்று தெரியாது. “அப்படித்தான்” என்று ஆங்கிலத்தில் உறுமுவார். அவள் படத்தைச் 'செய்வாள்'. இவர் 'எடுக்க'ச் சொல்வார். அவள் நன்றியைச் 'சாங்க் யூ' என்பாள். இவர் நாக்கைப் பல்லுக்கு நடுவே நீட்டிக் காட்டுவார். 'டபிள்யூ' வருகிற இடங்களில் உதட்டைக் குவித்து, சுடுதேத்தண்ணியை ஊதுவது மாதிரி ஊதச் சொல்வார். அதை அவரே முதல் நாள் யூடியூப்பில் பார்த்துத்தான் படித்தார். பிறந்ததிலிருந்து அவர் வாயில் இருப்பது ஒரே ஒரு வ. அதைத்தான் எல்லா இடத்துக்கும் வைத்துக்கொண்டிருந்தார்.

அழைப்பு முடிந்ததும் குசினிக்குப் போய், றோசா பேசுவதுபோல் ர்ர்ர் என்று உருட்டிக் காட்டிச் சிரிப்பார். செல்வமலர் சிரிக்கமாட்டாள்.

“அந்த மனிசி வேலையாலை வந்து, சாப்பிடாமல்கூட இருந்து படிக்குது. நீங்கள் பல்லைக் காட்டுறியள்.”

“நாக்கு இல்லையடி அது. கட்டை.”

ஒரு ஞாயிறு விருந்தோம்பல் பாடம் வந்தது. தேநீர் வேண்டுமா என்று எப்படிக் கேட்பது, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. றோசா தட்டுத்தடுமாறித் தன் வீட்டு வழக்கத்தைச் சொன்னாள். விருந்தாளி வேண்டாம் என்றால் விடமாட்டார்களாம். திரும்பத் திரும்பக் கேட்டு, கையைப் பிடித்து மேசைக்கு இழுத்து, தட்டில் போட்டுவிடுவார்களாம். சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்தது.

மாஸ்டர் மூக்கைச் சுளித்தார். அது பட்டிக்காட்டுப் பழக்கம் என்றார். ஆங்கிலத்தில் ஒருமுறைதான் கேட்பது. இல்லை என்றால் இல்லை. திருப்பிக் கேட்பது மற்றவரின் முடிவை அவமதிப்பது.

“ஆஸ்க் வன்ஸ்” என்று றோசா மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

“ஒன்லி வன்ஸ்” என்றார் மாஸ்டர்.

இது ஆர்த்திகாவுக்குப் பழைய பாடம். அவளுடைய பள்ளிச் சிநேகிதிகளுக்குச் செல்வமலர் வடையை நீட்டி, “இன்னும் ஒண்டு எடு பிள்ளை” என்று நிற்கும்போதெல்லாம், “கெஞ்சாதை. வெள்ளைக்காரன் ஒருக்காத்தான் கேப்பான்” என்று அதட்டிய மனிதர் இவர். ஆனால் இந்தச் சட்டம் அவருக்கு மட்டும் கிடையாது. யார் வீட்டுக்குப் போனாலும், “ஐயோ வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வாறம்” என்று கையை ஆட்டுவார். இரண்டாம் முறை கேட்டால் மனைவியைப் பார்ப்பார். மூன்றாம் முறை, “சரி, உங்கடை மனம் நோகக்கூடாது” என்று சொல்லி, இருப்பதில் பெரிய வடையை எடுப்பார்.

மாசி மாதத்தில் றோசா அவர்களை வீட்டுக்கு அழைத்தாள். பாலம் தாண்டி புரோசார்டுக்குப் போகும் வழியெல்லாம் பனி. விருந்து இருக்கும் என்று காலையிலிருந்து மாஸ்டர் பச்சைத்தண்ணிதான் குடித்திருந்தார். கதவைத் திறந்ததுமே வெந்த மாவும் வெண்ணெயும் மணத்தன. பக்கத்து மேசை முழுக்கப் பண்டங்கள். மேலே ஒரு பூவேலைத் துணி மூடியிருந்தது. மாஸ்டரின் வயிறு கூப்பிட்டது.

றோசா நீலச் சட்டையில் நேராக நின்றாள். உதட்டைக் குவித்தாள்.

“வுட் யூ லைக் சம் ரீ?”

குறை சொல்ல இடமில்லை. அவ்வளவு சுத்தம். மாஸ்டரின் வாய் தன் பழக்கப்படி முந்திக்கொண்டது.

“நோ, தாங்க் யூ.”

செல்வமலர் என்ன செய்வாள்? கணவன் வேண்டாம் என்ற வீட்டில் தான் மட்டும் வாயைத் திறப்பதா? அவளும் தலையை ஆட்டினாள். றோசாவின் கை ஒருகணம் அந்தத் துணியின் பக்கம் போனது. பிறகு, பாடம் ஞாபகம் வந்தவளாக, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெளியே கடும் பனி அல்லவா என்று கேட்டாள். ஆமாம், கடும் பனி என்றார் மாஸ்டர். வார இறுதி எப்படி என்று கேட்டாள். ஆர்த்திகாவும் மக்சிமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துணி கடைசிவரை எடுபடவில்லை.

திரும்பும் வழியில் காரை நிறுத்தச் சொல்லி, தெப்பனர் என்கிற மூலைக்கடை ஒன்றில் உருளைக்கிழங்குச் சிப்ஸ் வாங்கி, பனியில் நின்றபடியே தின்றுவிட்டு மாஸ்டர் காரில் ஏறினார்.

“ஒரு வாய் தேத்தண்ணி தராத வீட்டிலை என்ரை பிள்ளையைக் குடுக்கிறதோ? ஈயாத சனம்!”

“அவ கேட்டவ அப்பா. நீங்கள்தான் வேண்டாம் எண்டனீங்கள்.”

“ஒருக்காத்தானே கேட்டவ!”

“ஒருக்காத்தான் கேக்கவேணும் எண்டு ஆர் படிப்பிச்சது?”

செல்வமலர் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. மனைவி சிரிக்கிறாள் என்று தெரிந்ததும் மாஸ்டருக்குக் கண்மண் தெரியாத கோபம்.

“நான் உந்தக் கலியாணத்துக்கு வரமாட்டன். சொல்லிப்போட்டன்.”

ஆர்த்திகா காரைக் கிளப்பினாள்.

“ஓகே அப்பா” என்றாள்.

எங்கள் ஆட்களின் கலியாணங்களில் கோபித்துக்கொள்வதற்கென்றே ஒருவர் இருப்பார். கார்டில் பெயர் இல்லை என்பார், முறையாகச் சொல்லவில்லை என்பார், வரமாட்டேன் என்பார். அதற்கு வரமாட்டேன் என்று பொருளில்லை; வந்து கூப்பிடுங்கள் என்று பொருள். ஆட்கள் திரும்பத் திரும்பப் போவார்கள், கையைப் பிடிப்பார்கள், கடைசியில் அவர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டே மாப்பிள்ளைக்கு முன்னால் மண்டபத்துக்குள் நுழைவார். தங்கையின் கலியாணத்தில் மாஸ்டர் இதைத்தான் செய்தார். அந்த நாளைப்போல் ஒரு நாள் அவருக்குப் பிறகு வாய்க்கவில்லை. மகளின் கலியாணத்தில் இன்னும் பெரிதாக வாய்க்கும் என்று காத்திருந்தார்.

யாரும் வரவில்லை. ஆர்த்திகா வந்தாள், போனாள், அப்பாவின் மருந்தை வாங்கி வந்து வைத்தாள். கலியாணம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அறைக்குள் அவள் அழுதது செல்வமலருக்குக் கேட்டது.

“நீங்களாய்ப் போய், வாறன் பிள்ளை எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன்.”

“நான் போய்க் கெஞ்சுறதோ? அவை வந்து கேக்கட்டும்.”

வைகாசியில் கலியாணப் பதிவு. அதற்கு முந்திய வாரம் றோசா தனியாக, பஸ்ஸும் மெற்றோவும் ஏறி, தேன் கேக் ஒன்றைத் தூக்கிக்கொண்டு செயின்ட்-மிஷேலுக்கு வந்தாள். மாஸ்டரின் நெஞ்சு நிறைந்துவிட்டது. வந்துவிட்டார்கள்! இரண்டுமுறை மறுப்பது, மூன்றாம் முறை தலையாட்டுவது என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு, சோபாவில் காலுக்குமேல் கால் போட்டார்.

றோசா எதிரே உட்கார்ந்தாள். நீங்கள் திருமணத்துக்கு வர விரும்புகிறீர்களா, வந்தால் நாங்கள் மிகவும் மகிழ்வோம் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நாக்கு பல்லுக்கு நடுவே சரியாக வந்தது, உதடு சரியாகக் குவிந்தது. நல்ல ஆசிரியர் என்று யாரும் மெச்சியிருப்பார்கள்.

“நோ, தாங்க் யூ” என்றார் மாஸ்டர்.

றோசாவின் முகம் சிவந்தது. இரண்டு கையும் அவரைப் பிடிப்பதற்காக நீண்டன. அவள் ஊராக இருந்தால் சட்டைக்கொலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பாள். மாஸ்டர் தன் கையைச் சற்று முன்னே நகர்த்திக்கூட வைத்தார். ஆனால் எதிரில் இருப்பவர் அவளுடைய ஆசிரியர். எப்படி நடந்தால் அவருக்குப் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். கைகளை இழுத்துக்கொண்டாள்.

“ஐ ரெஸ்பெக்ட் யுவர் டிசிஷன்” என்றாள்.

அதுவும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான்.

வாசலில் செல்வமலர் அவளை மறித்து, “இருங்கோ, சாப்பிடாமல் போகேலாது” என்று தமிழிலேயே சொல்லி வடையை நீட்டினாள். றோசா ரஷ்ய மொழியில் வேண்டாம் என்றாள். செல்வமலர் வாய்க்குள் திணித்தாள். றோசா அழுதுகொண்டே மென்றாள், இவளும் அழுதாள், பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். சோபாவில் இருந்த மாஸ்டருக்கு எல்லாம் கேட்டது. 'சேஞ்ச் மை மைண்ட்' என்பதும் அவர் அவளுக்குப் படிப்பித்த ஒன்றுதான். எழுந்துபோய் அதைச் சொல்லியிருக்கலாம். அவரா சொல்வார்?

கலியாணத்தன்று எல்லோருக்கும் முன்னால் எழும்பியவர் மாஸ்டர். சவரம் செய்தார். சாம்பல் நிறக் கோட்டுச்சூட் போட்டார், இந்தமுறை கீழேயும் காற்சட்டை. டை கட்டினார், சப்பாத்தைத் துடைத்தார், வாசலுக்கு அருகே கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். இனி யாராவது கேட்கவேண்டியதுதான் பாக்கி. மகள் கேட்பாள். அவளுக்கு மூன்றுமுறைகூட வேண்டாம். ஒருக்கா மறுத்துவிட்டு, இரண்டாவது முறையே எழுந்துவிடலாம் என்று தாராளமாக முடிவு செய்திருந்தார்.

ஆர்த்திகா கலியாணச்சேலையில் இறங்கி வந்தாள். பின்னால் செல்வமலர் பூத்தட்டோடு வந்தாள். ஆர்த்திகா அவர் முன்னால் நின்று, டையைப் பார்த்தாள், மினுங்கும் சப்பாத்தைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கியது என்பது அவருக்கும் விளங்கியது.

“வாறீங்களோ அப்பா?”

எத்தனை கிழமையாகக் காத்திருந்த சொல்!

“இல்லைப் பிள்ளை. நீங்கள் போட்டு வாங்கோ.”

சொல்லிவிட்டு, எழுந்திருக்க வசதியாகக் கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். ஆர்த்திகா குனிந்து அவர் டையின் முடிச்சைச் சரிசெய்துவிட்டாள். செல்வமலர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மகள் தாயின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

“சரி அப்பா. சாப்பாடு பிரிட்ஜிலை இருக்கு, சூடாக்கிச் சாப்பிடுங்கோ.”

கதவு சாத்திய பிறகும் மாஸ்டர் கைப்பிடியை விடவில்லை. படியில் காலடி கேட்டது, கார்க்கதவு அடைபட்டது. எதையாவது மறந்துவிட்டுத் திரும்பி வருவார்கள், வந்தால் இன்னொருமுறை கேட்பார்கள் என்று டையைக் கழற்றாமலே இருந்தார். மத்தியானம் பசித்தபோது எழும்பிப் போய் பிரிட்ஜைத் திறந்தார். சோற்றுச் சட்டிக்குப் பக்கத்தில் றோசாவின் தேன் கேக் பாதி இருந்தது. அதை எடுக்கச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.