தேன்வாயரின் கடைசி வசனம்

தேன்வாயரை உண்டாக்கியது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அன்று அத்தனை கூத்தும் நடந்தது.

எங்கள் கார்ட்டூன் தொடரில் புத்தகங்கள் பேசும். அந்த மாய நாட்டில் தேன்வாயர் பதிப்பாளர். பட்டுக் கோட்டு, எப்போதும் சிரித்த முகம். எழுதுகிறவர்களைக் "கண்ணு" என்பார், தலையைத் தடவுவார், கதையை வாங்கிக்கொள்வார். மறுநாள் அட்டையிலிருந்து அவர்கள் பெயர் பறந்துபோய் அவருடைய கூண்டில் உட்கார்ந்திருக்கும். குழந்தைகளுக்கு அவர் என்றால் உயிர். வில்லனைப் போய் இப்படிக் கொஞ்சுகிறதுகளே என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

தேன்வாயரின் அந்தத் தேன் பேச்சுக்கு நான் மண்டையை உடைத்துக்கொள்ளவே இல்லை. எங்கள் தயாரிப்பாளர் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்டேன், அவ்வளவுதான். சார் என்றால் அவர் முகம் வாடிவிடும். எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிட வேண்டும். தேன்வாயருக்கு நானே குரல் கொடுக்கிறேன் என்று ஆசையாய் வந்து நின்றவரும் அவர்தான். அது தான்தான் என்று மனிதருக்கு உறைக்கவே இல்லை!

கடைசிப் பகுதியின் ஒலிப்பதிவு அன்றைக்கு. காலையில் அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலியை அவரே துடைத்து என்னை உட்காரவைத்தார். இதுவரை யார் பெயரும் போடாமல் ஓடிய தொடருக்கு, கடைசிப் பகுதியில் போடவிருந்த டைட்டில் கார்டைக் கணினியில் காட்டினார். 'கதை, வசனம்' என்ற இடத்தில் அவர் பெயர். என் பெயரைத் தேடினேன். 'நன்றி' பட்டியலில், கட்டட உரிமையாளருக்கு அடுத்ததாக இருந்தது.

"சேனல்காரங்க புதுப் பேரைப் பார்த்தா யோசிப்பாங்கம்மா. உன் பேரு, என் பேருன்னு நமக்குள்ள என்ன இருக்கு? உங்கம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப மூணு நாள் கூடவே நின்னது யாரு? இந்த அண்ணன்தானே?"

நின்றார்தான். அதைச் சொல்லியே என் வாயை அடைத்துவிட்டார். நாலு வருடம், ஐம்பத்திரண்டு பகுதி, ஒவ்வொரு எழுத்தும் என்னுடையது. பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். வந்த பிறகுதான் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. செய்த உதவியையே கயிறாகத் திரித்துக் கையைக் கட்டுகிற ஆளை என்னவென்று சொல்வது? சீ!

கடைசிக் காட்சி மட்டும் பாக்கி இருந்தது. பெயரை இழந்த பெண் அதைத் திருப்பிக் கேட்டு வருகிறாள். தேன்வாயர் மழுப்புகிறார். கணினி முன் உட்கார்ந்து அடித்தேன். அவர் காலையில் சொன்னதை அப்படியே அடித்தேன். சேனல் இருந்த இடத்தில் அரண்மனை, ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் வைத்தியசாலை, என்னை 'அம்மா' என்ற இடத்தில் 'கண்ணு'. வேறு ஒன்றையும் தொடவில்லை.

அண்ணன் வசனத்தை முன்கூட்டிப் படிக்கமாட்டார். படித்தால் உணர்ச்சி போய்விடுமாம். நேராக மைக் முன் போய் நின்றார். எங்கள் வேலையில் குரல்தான் முதலில். அதைக் கேட்டுத்தான் வாய் அசைவை வரைவார்கள். அதனால் படம் வரைகிறவர்களின் தலைவரும் ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எங்களோடு உட்கார்ந்திருந்தார்.

"அரண்மனையில புதுப் பேரைப் பார்த்தா யோசிப்பாங்க, கண்ணு..." குழைந்து குழைந்து படித்தார். என்ன அருமையான குரல், பாவி! "உங்கம்மா வைத்தியசாலையில கிடந்தப்ப மூணு நாள் கூடவே நின்னது..."

நின்றுவிட்டார். நிமிர்ந்து கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

வரைகிறவர் அதிகம் பேசாத மனிதர். "எங்கப்பா போனப்பவும் இவர்தான் முதல் ஆளா வந்தாரு," என்றார். "அடுத்த மாசமே தேன்வாயர் முகத்தை வரைஞ்சது தான்தான்னு பேட்டி குடுத்தாரு. நான் என்னத்தக் கேக்க?"

நாங்கள் பேசுவது உள்ளே கேட்பதற்கு ஒரு பொத்தான் உண்டு. ஒலிப்பதிவாளர் அதை அழுத்திப் பிடித்திருந்தார். விரலை எடுக்கவே இல்லை.

அண்ணன் சிரித்தார். "பின்னிட்டேம்மா! கொஞ்சம் நீளமா இருக்கு, இந்த இடத்தை மட்டும் வெட்டிடலாம், என்ன?"

பெயரை இழந்த அந்தப் பெண்ணுக்குக் குரல் கொடுக்கும் அக்கா பக்கத்து மைக்கில் நின்றிருந்தார். அவருக்கு அந்தக் காட்சியில் ஒரே ஒரு வரி. அண்ணன் முகத்தைப் பார்த்தே படித்தார்: "என் பேரை எனக்குக் குடுங்க."

அண்ணன் காகிதத்தைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"இதுக்கு என் பதில் எங்கேம்மா? எழுத மறந்துட்டியா?"

"மறக்கலண்ணே. நாலு வருஷமா உங்க வாய்க்கு நான்தான் வார்த்தை குடுத்தேன். இதுக்கு மட்டும் நீங்களே பேசுங்க."

உதட்டை நனைத்துக்கொண்டார். அக்காவைப் பார்த்தார், வரைகிறவரைப் பார்த்தார். யாரும் உதவிக்கு வரவில்லை. பதிவு ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒரு நாற்காலியை இழுத்துக் கண்ணாடிக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தேன். சொல்லட்டும். சொல்லாமல் நான் எழுந்திருப்பதாக இல்லை.