தொண்டையில் திறக்காத வால்வு

அந்த பிளம்பர் கைவைத்தால் திறக்காத குழாய் கிடையாது. பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் கழிவுக் குழாயை வெறும் முறைப்பிலேயே திறந்தவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். கேட்பவர்கள் பத்து மாடியைக் கழித்துக்கொண்டு நம்புவார்கள்.

அப்பேர்ப்பட்டவருக்குத் தொண்டையில் அடைப்பு. மென்று விழுங்கிய சோறு குரல்வளைப் பக்கம் வந்ததும், விருந்துக்கு வந்த தூரத்து உறவு மாதிரி, நகர மாட்டேன் என்று உட்கார்ந்துகொள்ளும்.

மேலிருந்து தண்ணீரை ஊற்றினால் அடித்துக்கொண்டு போய்விடும் என்பது அவருடைய முப்பது வருட அனுபவம். வாய்க்கு ஒரு டம்ளர் ஊற்றினார். பாதி மூக்கு வழியாக வந்தது. மீதி வழி தவறி மூச்சுக்குழாய்க்குள் இறங்க, அவர் இருமிய இருமலில் தெருவில் நின்ற லாரிகள் ஓரடி நகர்ந்தன. மூன்று மாதம் இதே கூத்து. மனைவி கண்ணில் படக்கூடாதென்று, வேலைக்குப் போன வீடுகளின் மொட்டைமாடியில் டப்பாவைத் திறந்து தனியாகத் தின்றார்.

ஒரு நாள் துணி மடிக்கும்போது அவருடைய பெல்ட் மனைவி கையில் சிக்கியது. அதில் டிரில்லால் போட்ட நான்கு புது ஓட்டைகள்.

"ஏங்க, இது பெல்ட்டா சல்லடையா?"

"வயிறு கொஞ்சம் அடங்கிடுச்சு..."

"நான் சொல்லியே அடங்காத வயிறு, தானா அடங்குச்சா? உண்மையைச் சொல்லுங்க."

சொன்னார். அவள் திட்டவில்லை. அதில்தான் அவருக்கு உதறல் எடுத்தது. மறுநாள் காலையிலேயே தொண்டை மருத்துவர் முன் உட்காரவைத்தாள்.

வெள்ளை மருந்தை விழுங்கச் சொல்லி எக்ஸ்ரே திரையில் காட்டினார் டாக்டர். இறங்கி வந்த மருந்து ஒரு தசை வளையத்தின் மேல் அப்படியே நின்றது. பிளம்பர் துள்ளி எழுந்தார்.

"டாக்டரம்மா, இது அடைப்பே இல்லை. வால்வு திறக்கல!"

"அதேதான். அந்தத் தசை நேரத்துக்கு விரியலை. நீங்க மேல மேல ஊத்தினது நுரையீரலுக்குப் போய் நிமோனியா வந்திருக்கும்."

"உங்ககிட்ட எப்ப வந்திருக்கணும் டாக்டர்?" என்றாள் மனைவி.

"ரெண்டு வாரமா மாட்டிக்கிட்டே இருந்தா வந்திடணும். சாப்பிடறப்ப அடிக்கடி புரையேறுது, தின்னது திரும்பி வருது, உடம்பு இளைக்குதுன்னா அந்த ரெண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். எச்சில்கூட இறங்கலை, மூச்சு முட்டுதுன்னா அவசரப் பிரிவுக்கே ஓடணும்."

"கேட்டீங்களா? பெல்ட்டுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலை."

கேமரா விட்டுப் பார்த்தார்கள். கட்டி எதுவும் இல்லை. பிறகு ஒரு சின்ன பலூனை உள்ளே விட்டுத் தசையை விரித்தார்கள். அது ஆளைத் தூக்கிக்கொண்டு பறக்கிற பலூன் என்று அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். நிஜத்தில் அது கட்டைவிரல் பருமன்தான்.

சில நாள் கழித்து, மேசையில் மனைவிக்கு எதிரே உட்கார்ந்து குழைந்த சோற்றில் ஒரு வாய் விழுங்கினார். தண்ணீர் இல்லாமலே இறங்கியது. இன்னொன்று. அதுவும் இறங்கியது. அவர் கண் கலங்கிப்போயிற்று.

"நீ மட்டும் அன்னைக்கு..."

"பேசிக்கிட்டே சாப்பிடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்களா இல்லையா?"

வாயை மூடிக்கொண்டு, சொல்ல வேண்டியதை எல்லாம் அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறாக வைத்தார்.