எந்தக் கொம்பனும் திறக்க முடியாத பூட்டு

பூட்டுக்காரருக்குத் தன் மனைவியிடம் பிடிக்காத ஒரே குணம், அவள் வீட்டுக் கதவைத் தாழிட மாட்டாள் என்பதுதான். சும்மா சாத்தி வைப்பாள். கேட்டால், "மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்" என்பாள்.

"தண்ணி ஊத்துவான், சரி. வேலி யாரு போடுறது? நான்தானே போடணும்" என்று இவர் எரிந்து விழுவார். பூட்டு செய்து விற்பவன் வீடே திறந்து கிடந்தால் கடைக்கு எவன் வருவான் என்பது அவர் கவலை.

அந்த வாரம் அடுத்த தெருவில் ஒரு வீட்டில் திருட்டுப் போனது. மனைவிக்கோ நல்ல காய்ச்சல், எழுந்து நடக்கவே தள்ளாடினாள். அடுப்பில் அவளுக்கு வெந்நீர் வைத்தார். தன் கையால் செய்த புதுப் பூட்டை வெளியே மாட்டிப் பூட்டினார். எந்தக் கொம்பனாலும் இதைத் திறக்க முடியாது என்று தனக்குத்தானே மார்தட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.

மதியம் மாடிவீட்டுக்காரர் போன் செய்தார். "சீக்கிரம் வாங்க. உங்க வீட்ல திருடன். கையும் களவுமா பிடிச்சு வச்சிருக்கேன்."

"பூட்டை உடைச்சிட்டானா?"

"உடைக்கல. திறந்திருக்கான்."

வெட்கக்கேடு, மனுஷன் முதலில் கேட்டது பூட்டைத்தான். மனைவியின் நினைவு பாதி வழியில்தான் வந்தது. வந்ததும் ஓட்டமெடுத்தார்.

அவள் மாடிப்படியில் சுவரோடு சாய்ந்து இருமிக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. வாசல் வரை கேஸ் நாற்றம். ஒல்லியான ஒருவனின் சட்டைக் காலரை மாடிவீட்டுக்காரர் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"திருடத்தான் வந்தேன் சார்," என்றான் அவன். "வெளியில பூட்டு தொங்கிச்சு, ஆள் இல்லேன்னு நினைச்சேன். திறந்தா ஒரே கேஸ். ஓடிடலாம்னுதான் பார்த்தேன். கதவோரமா அக்கா விழுந்து கிடந்தாங்க. எப்படி விட்டுட்டுப் போறது? தூக்கிட்டு வந்துட்டேன்."

பூட்டுக்காரர் உள்ளே போனார். வெந்நீர் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்திருந்தது. கதவின் உட்புறம் நெடுக நகக் கீறல்கள். அவள் எழுந்து வந்திருக்கிறாள். தட்டியிருக்கிறாள், பிறாண்டியிருக்கிறாள். இந்தக் கதவைப் பூட்டிய கை அவருடையது.

"போலீஸைக் கூப்பிடவா?" என்றார் மாடிவீட்டுக்காரர்.

"வேணாம், அவரை விடுங்க." வாயில் வந்ததை உளறினார். "நான்தான் அனுப்பினேன். கதவைத் திறக்கச் சொல்லி நான்தான்..."

மனைவி மெல்லத் தலையை நிமிர்த்தினாள். செத்துப் பிழைத்தாலும் அவளுக்குப் பொய் ஆகாது.

"அவரை அனுப்பினது நீங்க இல்ல," என்றாள். "நீங்க பூட்டிட்டுப் போனீங்க."