திருப்ப வழியில்லாத ஸ்கார்ஃப்

1

இந்தக் கதை என் மனைவியின் கழுத்தில் பிறந்தது. அறுவை சிகிச்சை செய்த டாக்டர், தழும்பு தெரியாது என்றார். விரல் நீளத்துக்குத் தெரிகிறது. ஏழு வாரமாக அவள் வாசற்படி தாண்டவில்லை. மாலை நடைக்கு நான் தனியாகப் போய், இரண்டு பேர் பேச்சையும் நானே பேசிவிட்டு வருகிறேன்.

ஆகவே ஒரு ஸ்கார்ஃப் தைத்துவிடுவது என்று முடிவெடுத்தேன். ஊசியில் நூல் கோக்கத் தெரியாது என்பதை நான் ஒரு தடையாகக் கருதவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கைதேர்ந்த தையற்காரர் ஒருவர்..."

(அடித்துவிட்டேன். அடுத்த வரிக்குள் அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.)

உண்மையில் துணி வாங்கப் போனவன் நான். துணிக்கடைப் பெண்ணிடம் சொன்னேன்: "கழுத்துல உறுத்தக் கூடாதும்மா."

"அப்ப பனியன் துணிதான் சார். ஆனா தைக்கும்போது இழுத்துராதீங்க. அது நீண்டுக்கிட்டே போகும்."

"நாப்பது வருஷமாக் குடும்பம் நடத்தறேன். எதையும் இழுத்ததில்ல."

"அதை உங்க வீட்டம்மாகிட்ட கேட்டாத்தான் தெரியும்."

3

இழுத்தேன். ஒன்றரை மீட்டர் துணி சமையலறையைத் தாண்டி, மாடிப்படி இறங்கி, தபால்காரரின் சைக்கிளை இரண்டு சுற்று சுற்றிக்கொண்டது. (எதிர்வீட்டுக்காரர் இதை மறுப்பார். அவருக்குக் கண்ணில் புரை.) ஓரமெல்லாம் அலையடித்தது.

அது போகட்டும். நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து, ஓரங்களைத் தைத்து, கடைசியில் கை நுழையும் அளவுக்கு இடம் விட்டு, அதன் வழியாக வெளிப்பக்கம் திருப்ப வேண்டுமாம். நான் இடம் விடவில்லை. எல்லாப் பக்கமும் அடைத்துவிட்டு, வந்த உற்சாகத்தில் இன்னொரு சுற்றும் ஓட்டினேன்.

4

அவள் வந்து பார்த்தாள்.

"என்னங்க இது, பாம்புக்குத் தலையணை உறையா?"

"ஸ்கார்ஃப்."

"யாருக்கு?"

(இங்கே அரைப் பக்கம் காதல் வசனம் எழுத எண்ணியிருந்தேன். வாயில் வந்தது இதுதான்:)

"சும்மா."

கத்தரிக்கோல் முனையால் பத்துப் பன்னிரண்டு தையலைப் பிரித்தாள். உள்ளே கையை விட்டு, கன்றுக்குட்டியை வெளியே எடுப்பதுபோல் மெல்ல இழுத்தாள். துணியின் நீலப் பக்கம் வெளியே வந்தது.

"இந்தத் தழும்பைப் பார்க்க உங்களுக்குக் கஷ்டமா இருக்கா?"

"அது இல்ல. தனியா நடக்கறதுதான்..."

(அந்த வாக்கியத்தை அப்போதும் முடிக்க முடியவில்லை. இப்போதும்.)

5

முடிவு ஒன்று: ஸ்கார்ஃபைச் சுற்றிக்கொண்டு அவள் நடைக்கு வருகிறாள். அழகானது, நடக்கவில்லை.

முடிவு இரண்டு: மடித்து அலமாரியில் வைக்கிறாள். அதுவும் நடக்கவில்லை.

நடந்தது இது: அதை என் கழுத்தில் சுற்றி முடிச்சுப் போட்டாள். "காத்தடிக்குது. நீங்க போட்டுக்கங்க." பிறகு, மூடாத கழுத்தோடு கதவருகே போய் நின்றாள். இதை எழுதும்போது அவள் கை தாழ்ப்பாளில் இருக்கிறது.

"எழுதினது போதும், வாங்க."

கதவு திறந்தது என்று நான் எழுதிவிடலாம். ஆயுள் முழுக்கப் புளுகியவன்தான். இதில் மட்டும் புளுக மனம் வரவில்லை. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அலையடிக்கும் நீல ஸ்கார்ஃபோடு ஒரு கிழவன் தெருவில் வந்தால், பக்கத்தில் யாராவது வருகிறார்களா என்று பாருங்கள். வந்தால் அதுதான் முடிவு. வராவிட்டால் சற்று நின்று பாருங்கள். செருப்பு வார் மாட்ட அவளுக்கு எப்போதுமே நேரமாகும்.