முகத்துக்கு மட்டும் கித்தான்

மைக்கேல் சுத்தியலைக் கையில் எடுத்ததும் அன்னமேரி சவப்பெட்டியின் மூடிமேல் போய் உட்கார்ந்துகொண்டாள். மூடி சுவரோரம் தரையில் கிடந்தது. பெஞ்சின் மேலிருந்த பெட்டிக்குள் அவள் புருஷன் கிறிஸ்துதாஸ், கழுத்துவரை சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, எந்த வம்பிலும் தலையிடாமல் படுத்திருந்தார்.

“எழுந்திருங்க அண்ணி. புயல் காத்து ஏறிகினே போவுது. இப்ப எடுத்தாத்தான் கல்லறைக்குப் போய்ச் சேரலாம்” என்றான் மைக்கேல். இறந்தவரின் தம்பி அவன்.

“லூசி வரட்டும்.”

“எப்படி வருவா? குள்ளஞ்சாவடியிலேருந்து பஸ்ஸே இல்ல. ரோடு பூரா மரம் வுழுந்து கெடக்குது.” குரலைத் தாழ்த்தினான். “அவ முகத்துலயே முழிக்க மாட்டேன்னுதானே அண்ணன் இருந்தாரு?”

“அது அவரு சொன்னது. நான் சொல்லல.”

லூசி அவர்களுக்கு ஒரே மகள். பஸ் கண்டக்டர் சிவப்பிரகாசத்தைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போனவளை, வேறு மதத்தில் போய் விழுந்தவள் என்று கிறிஸ்துதாஸ் அப்புறம் வாசல்படி மிதிக்க விடவில்லை. வீம்பென்றால் அப்படி ஒரு வீம்பு. உயிரோடிருக்கையில் பார்க்க விடாத முகத்தை இப்போதாவது அவள் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் அன்னமேரி அழுகையைக்கூட ஒத்திப்போட்டுவிட்டு மூடியைக் காவல் காத்தாள்.

திடீரென்று தலைக்கு மேலே படபடவென்று சத்தம். குவார்ட்டர்ஸ் கூரையின் ஆஸ்பெஸ்டாஸ் சீட் ஒன்று துள்ளியது. அடுத்த நொடி காணோம். பின்னாலேயே இன்னொன்றும் போனது. மழை நேராகப் பெட்டிக்குள் இறங்கியது. அன்னமேரி ஓடிப்போய் முந்தானையை விரித்து அவர் முகத்தின்மேல் குனிந்து நின்றாள்.

“மூடிய வச்சிடலாம் அண்ணி. ஆணி அடிக்கல. சும்மா வச்சா போதும்.”

“வச்ச மூடிய யாராவது தொறப்பாங்களா?”

வைத்த மூடியைத் திறந்தால் வீட்டில் இன்னொரு சாவு விழும் என்பது அவர்கள் வழியில் வந்த பயம். பெட்டியோ உள்ளறைக் கதவில் நுழையாது. பிணத்தை உள்ளே வைத்துக்கொள் என்று அடுத்த வீட்டில் கேட்பதும் முறையில்லை.

தனகோட்டி பெரிய தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். சுரங்கத்தில் ராட்சத இயந்திரங்களைக் கட்டித் தூக்கும் கலாசி வேலையில் கிறிஸ்துதாஸுக்குக் கூட்டாளி. பாரம் கட்டும் பழக்கத்தில் தார்ப்பாயைக் கூடம் முழுக்க இழுத்து, சுவர்மேல் நான்கு பக்கமும் தம் பிடித்து முடிந்தார். உள்ளே மழை விழுவது நின்றது. எல்லோரும் மூச்சுவிட்டார்கள். அந்த மூச்சு உள்ளே போவதற்குள் தார்ப்பாய் உப்பி, விம்மி, ஒரே கிழியாகக் கிழிந்து வேப்பமரத்தில் போய் மாட்டிக்கொண்டது.

“கட்டிலுக்கடியில அவரு கப்பல் பாய் இருக்குது. எடு மைக்கேலு” என்றாள் அன்னமேரி, நிமிராமலே.

நெய்வேலிக்கு வருமுன் கிறிஸ்துதாஸ் கடலூர்த் துறைமுகத்திலிருந்து பாய்த்தோணி ஓட்டியவர். தோணியை உடைத்து விற்றபோது புயலுக்கென்று இருந்த சின்னப் பாயை மட்டும் கொண்டுவந்துவிட்டார். மூன்று மூலை, தடித்த கித்தான், ஓரமெல்லாம் கயிறு வைத்துத் தைத்தது. “சுரங்கத்துல கப்பல் வுடப் போறீங்களா?” என்று அன்னமேரி வருஷா வருஷம் கேலி செய்வாள். “போடி இவளே. காத்து பெருசானா பாய் சின்னதாவணும். பெரிய பாயத்தான் ஏத்துவேன்னு அடம் புடிச்சா பாய்மரமே முறிஞ்சிடும்” என்பார் அவர்.

மைக்கேல் பாயை விரித்துப் பார்த்தான். “பாதிப் பெட்டிக்குக்கூட எட்டாது அண்ணி.”

“முகத்துக்கு எட்டினா போதும்.”

பெட்டியைத் தரைக்கு இறக்கினார்கள். காற்று வரும் பக்கம் இரும்புக் கட்டிலை இழுத்துப்போட்டு, அதன் கால்களில் தாழ்வாக இரண்டு மூலைகளைக் கட்டினார்கள். மூன்றாவது மூலையின் கயிற்றைக் கூடத்து ஓரமிருந்த ஆட்டுக்கல்லில் ஒரு சுற்றுச் சுற்றினார்கள். தனகோட்டி முடிச்சை இறுக்கப் போனார்.

“இறுக்காதீங்க அண்ணே. இங்க குடுங்க.”

கயிற்றின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு அன்னமேரி ஆட்டுக்கல் அருகே உட்கார்ந்தாள். காற்று மோதும்போது கொஞ்சம் விட்டாள், தணிந்ததும் இழுத்தாள். கித்தான் ஒருமுறை அறைந்தது. அப்புறம் முதுகைக் காட்டித் தண்ணீரைச் சரித்துவிட்டது. இடுப்புக்குக் கீழேதான் மழை கொட்டியது.

“காலு நனையுது அண்ணி.”

“நனையட்டும். கடல்ல ஊறின காலுதானே.”

“இருட்டறதுக்குள்ள அவ வரலேன்னா மூடிடுவேன். அப்புறம் நீங்க ஒண்ணும் சொல்லக்கூடாது.”

அவள் தலையாட்டினாள். வேறென்ன செய்ய? வெளிச்சம் குறையக் குறைய அவள் வாசலையே பார்த்தாள். கயிறு உள்ளங்கையை அறுத்தது. மைக்கேல் ஆணிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து வரிசையாக வைத்தான். கடைசியில் எழுந்து மூடியின் ஒரு முனையைப் பிடித்தான். மறுமுனைக்குத் தனகோட்டியைப் பார்த்தான். தனகோட்டி நகரவில்லை.

வெளியே சைக்கிள் ஒன்று சாயும் சத்தம் கேட்டது. முழங்கால்வரை சேறும், ஒட்டிப்போன புடவையுமாக லூசி வந்து வாசற்படிக்கு வெளியே நின்றுவிட்டாள். அவளுக்குப் பின்னால் சிவப்பிரகாசம் மழையிலேயே நின்றான். அவள் படியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

“உள்ள வாடி. அம்மா கையில கயிறு இருக்குது, எழுந்து வர முடியாது.”

லூசி படியைத் தாண்டினாள். குனிந்து கித்தானின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். காலையில் அப்பா முகத்தில் பூசிய பவுடர்கூடக் கலையவில்லை. அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஓரத்தை மெல்ல இறக்கிவிட்டுக் கால்மாட்டுக்குப் போய் உட்கார்ந்தாள்.

“அப்பா காலெல்லாம் ஈரம்” என்றாள்.

முந்தானையைப் பிழிந்து அந்தக் கால்களைத் துடைத்தாள். விரல் விரலாக, இடுக்கெல்லாம் விட்டுத் துடைத்தாள். மழை மறுபடி நனைத்தது. மறுபடி பிழிந்து துடைத்தாள். மைக்கேல் மூடியைச் சத்தமில்லாமல் சுவரில் சாய்த்தான். அன்னமேரி கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தாள்.