போனில் கேட்ட சத்தம்

சாவியைத் திருப்பியதும் வண்டி ‘டிக்’ என்றது. அவ்வளவுதான். மாப்பிள்ளை உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி திருப்பினான். மறுபடியும் அதே ஒற்றை ‘டிக்’.

பிக்கப்பின் பின்னால் மாமனாரை ஏற்றியாகிவிட்டது. தலைமாட்டில் அவருடைய ஒரே மகள், அதாவது இவன் மனைவி, உட்கார்ந்திருந்தாள். முதலில் வண்டியைக் கிளப்பிப் பார்த்துவிட்டு அப்புறம் ஏற்றலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? செத்தவரின் மாப்பிள்ளை பேர்போன மெக்கானிக். போனில் சத்தத்தைக் கேட்டே வண்டிக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுகிறவன். அந்தப் பேரை ஊர் முழுக்கப் பரப்பியவர்தான் இப்போது பின்னால் படுத்திருந்தார்.

“வேற வண்டி சொல்லிடலாமே,” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

“வேணாம்,” என்றாள் மாமியார். “வீடு மாத்தற அத்தனை பேரோட சாமானையும் இதுலதான் ஏத்திட்டுப் போனாரு. அவரை இன்னொருத்தர் வண்டியில அனுப்ப மாட்டேன்.”

“அப்போ நாலு பேர் தள்ளினா எடுத்துக்கும்.”

“அவரை வச்சுத் தள்ளிக்கிட்டா? அதுவும் வேணாம். மாப்பிள்ளை பார்ப்பாரு.”

எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

அந்த வண்டி ஓடிய தூரத்துக்குக் கணக்கே கிடையாது. மீட்டர் ஒரு முழுச் சுற்று முடித்து, பச்சைப்பிள்ளை மாதிரி மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கி, அதிலும் அலுத்துப்போய் நின்றுவிட்டது. கொஞ்ச நாளாகக் காலையில் கிளம்ப அடம்பிடித்தது. மாமனார் பானெட்டைத் திறந்து போனை இன்ஜினுக்குப் பக்கத்தில் பிடிப்பார். மாமியார் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்புவாள். மாப்பிள்ளை தன் பட்டறையில் இருந்தபடி கேட்டுவிட்டு, “பேட்டரி மாமா,” என்பான். புதுப் பேட்டரி போட்டாயிற்று. “செல்ஃப் மோட்டார் மாமா,” என்பான், இன்ஜினைச் சுழற்றிக் கிளப்புகிற மோட்டாரை. அதையும் கழற்றிச் சரிபார்த்து மாட்டியாயிற்று. நேரில் வந்து வண்டிக்கு அடியில் ஒரு தரம் படுத்துப் பார்க்கவில்லை. சொந்தக்கார வண்டி. எங்கே ஓடிப்போகிறது?

நேற்றுக் காலையும் அழைப்பு வந்தது. கூட ஒரு வாடிக்கையாளர் இருந்தார். மாப்பிள்ளை போனை ஸ்பீக்கரில் போட்டு, “இப்ப பாருங்க, இங்கேர்ந்தே சொல்றேன்,” என்று கண்ணடித்தான். போனில் ‘டிக்’ கேட்டது. அதோடு மூச்சு இரைக்கும் சத்தமும் கேட்டது. கனத்த, இழுத்து இழுத்து விடும் மூச்சு. பெரிய தொப்பையோடு குனிந்து நிற்கிறார் போல என்று நினைத்துக்கொண்டான். “சார்ஜ் இறங்கியிருக்கு மாமா. பேட்டரியைக் கழட்டி உள்ள கொண்டுபோய்ச் சார்ஜ் போடுங்க. சாயங்காலம் வரேன்.”

“சரி மாப்பிள்ளை. நீங்க வேலையைப் பாருங்க,” என்றார் மாமனார். வாடிக்கையாளர் அசந்துபோய்த் தலையாட்டினார். மாப்பிள்ளைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

சேதி கேட்டு அவன் வந்து சேர்ந்தபோது பேட்டரி வாசற்படியில் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மாமனாரைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. “அப்பா உங்களுக்கு போன் பண்ணாரா?” என்று மனைவி அழுதுகொண்டே கேட்டாள். “இல்ல,” என்று சொல்லிவிட்டான். வாய் தானாகச் சொன்னது. மாமியார் அங்கேதான் நின்றிருந்தாள்.

இப்போது மாமியார் வண்டியின் கதவருகே வந்தாள். “நீங்க இறங்குங்க மாப்பிள்ளை. சாவியை நான் பார்த்துக்கறேன்.”

அவள் ஏறி உட்கார்ந்தாள். அவன் முன்னால் போய் நின்று, “லைட்டைப் போட்டுட்டுத் திருப்புங்க அத்தை,” என்றான். திருப்பினாள். ‘டிக்.’ முன்விளக்குகள் துளிகூட மங்காமல் பளிச்சென்று எரிந்தன. காலையில் அவன் எடுத்து மாட்டிய பேட்டரியில் தெம்பு நிறைய இருக்கிறது, மோட்டாருக்குத்தான் போய்ச் சேரவில்லை. ‘லைட் மங்குதா மாமா’ என்று போனில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நேற்றே தெரிந்திருக்கும். கற்றுக்குட்டிகூட முதலில் கேட்கிற கேள்வி.

சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் புகுந்தான். இன்ஜினையும் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸையும் இணைக்கும் எர்த் ஒயர் பச்சை பூத்து, நைந்து, நாலைந்து இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. அதுதான் கோளாறு. ஒரு துண்டு ஒயர், ஒரு ஸ்பேனர், ஒரு டீ குடிக்கிற நேரம். அவன் போல்ட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டத் தொடங்கினான். தலைக்கு மேலே மாமியாரின் குரல் மெதுவாகக் கேட்டது. அடியில் இருந்தவனுக்கு மட்டும் கேட்கும்படியாகத்தான் பேசினாள்.

“நேத்து லோடு எதுவும் இல்ல மாப்பிள்ளை. நெஞ்சு என்னமோ பண்ணுது, நானே ஓட்டிட்டுப் போய் ஆஸ்பத்திரியில காட்டிட்டு வந்துடறேன்னுதான் கிளம்பினாரு.”

சுரண்டிக்கொண்டிருந்த கை நின்றது.

“மாப்பிள்ளைகிட்ட சொல்லுங்கன்னேன். சொன்னா போட்டது போட்டபடி ஓடி வந்துடுவாரு, பாவம், வண்டியை மட்டும் கேட்டுக்கறேன்னாரு.”

அவன் கண்ணில் துரு விழுந்தது. துடைக்கத் துடைக்க அது நெற்றியெல்லாம் அப்பிக்கொண்டது.

“அத்தை... மூச்சு வாங்கினது எனக்குக் கேட்டுச்சு.”

யாரோ இருமினார்கள். யாரோ மணி கேட்டார்கள்.

“எனக்கும்தான் கேட்டுச்சு,” என்றாள் மாமியார். “ரெண்டடி தள்ளி உக்காந்திருந்தேன். நானும் சாவியைத்தானே திருப்பிட்டு இருந்தேன். பேட்டரியைத் தூக்கும்போதும் பார்த்துட்டுதான் இருந்தேன்.”

“அவகிட்ட போன் வரலன்னு சொல்லிட்டேன்.”

“ம். கேட்டேன்.”

திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். புது ஒயரை வைத்து போல்ட்டை முறுக்கினான், இறுகிய பிறகும் முறுக்கினான்.

“திருப்புங்க அத்தை.”

வண்டி முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. ஒரு உதறல், ஒரு இருமல், அப்புறம் சீரான உறுமல். அவன் வெளியே வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் முதுகில் தட்டினார். “அதானே பார்த்தேன்! மாப்பிள்ளை கை பட்டா சும்மாவா? மனுஷன் சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போவாரே!” சுற்றியிருந்த நாலைந்து பேர் ஆமாம் என்றார்கள். மாப்பிள்ளை தலையைத் தூக்கவே இல்லை. ஸ்பேனரைச் சாக்கில் சுற்றிச் சீட்டுக்கு அடியில் தள்ளினான்.

மாமியார் நகர்ந்து, கணவரோடு லோடுக்குப் போகும் நாட்களில் தான் உட்காரும் ஓரத்துச் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். அவன் ஓட்டினான். மேடு பள்ளம் பார்த்து, கண்ணாடிச் சாமான் ஏற்றியது போல ஓட்டினான்.

மயானத்து வாசலில் வண்டியை நிறுத்தினான். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. ஆட்கள் பின்னால் வந்து கூடினார்கள்.

“அணைச்சிடுங்க,” என்றாள் மாமியார். “இனிமே எடுக்கும்ல?”

“எடுக்கும் அத்தை.”

சாவியில் வைத்த கை அசையவில்லை. மாமியார் சற்றுப் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, அவன் விரல்களை விலக்கிவிட்டு, தானே அணைத்தாள்.

இன்ஜின் ஓய்ந்ததும் பின்னால் மனைவி விம்மி மூச்சு இழுப்பது கேட்டது. மாப்பிள்ளை கதவைத் திறந்து இறங்கி, அவள் இருந்த பக்கமாக நடந்தான்.