பூட்டி வைத்த தூக்கம்

எங்கள் ஊர் வங்கியில் தூக்கத்தைத்தான் போட்டு வைப்போம். கவுண்டரில் ஒரு தலையணை இருக்கும். தலையைச் சாய்த்துவிட்டு எழுந்தால் வரவு. பக்கத்துக் கவுண்டரில் இன்னொரு தலையணை. அதில் சாய்ந்தால் கடன். சங்ககிரி லாரி ஊர் பாருங்கள், கடன் வாங்குவதெல்லாம் டிரைவர்கள்தான். லோடு இறக்கித் திரும்பியதும் அசலைக் கட்டி, வட்டிக்கு ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டுப் போவார்கள். எதிரே டீக்கடை போட்டிருக்கும் எனக்கு மத்தியானத் தூக்கம் எப்போதும் மிச்சம். அதை நானும் போட்டு வந்தேன்.

பிறகு மேலிடத்திலிருந்து ஒரு விதி வந்தது. சீமையில் ஏதோ ஒரு வங்கியில் எல்லாரும் ஒரே நாளில் வந்து தூக்கத்தைத் திருப்பிக் கேட்டார்களாம். கொடுக்க இல்லை. அந்த ஊரில் இன்னும் யாரும் கண் மூடவில்லை. அதனால் இனி எல்லா வங்கியும் பாதித் தூக்கத்தை உள்ளறையில் பூட்டி வைக்க வேண்டும், கடனுக்குத் தொடக்கூடாது என்றார்கள். எங்கள் ஊரில் யாரும் அப்படித் திரண்டு வந்து கேட்டதில்லை. இருந்தாலும் பூட்டினார்கள். அந்த இரும்புக் கதவு மெதுவாக மூச்சு விட ஆரம்பித்தது.

மாரப்பன் நாக்பூருக்கு முட்டை லோடு ஏற்றி நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். கண் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தது. அவன் மனைவி பழனாத்தாள் சட்டையைப் பிடித்தபடியே கூட வந்தாள்.

"இப்பிடியே போனா தொப்பூர் கணவாயில கண்ணு சொருகிரும்ங்க சார். ஒரு ராத்திரித் தூக்கம் குடுங்க" என்றான்.

மேனேஜர் ஆவுடையப்பன் நல்ல மனிதர். "வெளிய இருந்த பாதி கடனாப் போயிருச்சு. உள்ள நெறைய கெடக்குப்பா. தொடத்தான் முடியாது."

"அப்புறம் அது எதுக்குங்க?" என்றாள் பழனாத்தாள்.

"அவசரத்துக்கு."

"இவரு உசுரு போனாத்தான் அவசரமுங்களா?"

"ஒருத்தருக்கு வந்தா அவசரம் இல்லம்மா. ஊரே வந்து கேட்டாத்தான் அவசரம்."

கடையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்த நான், கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய் ஊரைக் கூட்டி வந்தேன். கைக்குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எல்லாரும் ஒரே குரலாகக் கேட்டோம். மேனேஜருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கதவைத் திறந்தார்.

ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த தூக்கம் இட்லி மாவாகப் பொங்கியிருந்தது. முதலில் மாரப்பன் சாய்ந்தான். பழனாத்தாள் சட்டையை விடாமலே சாய்ந்தாள். மற்றவர்கள் நின்ற வரிசையிலேயே சாய்ந்தோம்.

அறை காலியாகக் கிடக்கலாமா? தணிக்கைக்காரர் வருமுன் மேனேஜர் எங்களை ஒவ்வொருவராகத் தூக்கிப்போய் உள்ளே அடுக்கினார். தூக்கம் எங்களுக்குள்தானே இருக்கிறது, எங்கே போய்விடும்? தணிக்கைக்காரர் ஒவ்வொரு மூக்கருகிலும் காதை வைத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிக் கதவைப் பூட்டச் சொன்னார்.

தூக்கத்திலும் இங்கிருந்து எல்லாம் கேட்கிறது. மாரப்பன் என் பக்கத்தில்தான் குறட்டை விடுகிறான். தொப்பூர் கணவாய்க்கு அவன் போகவில்லை, அது நிம்மதி. வெளியே லாரியில் முட்டையெல்லாம் பொரிந்து, குஞ்சுகள் வளர்ந்து, இன்று காலை கணக்குத் தொடங்க வந்திருக்கின்றன.

"ஒவ்வொருத்தரா வாங்க. சேர்ந்து வரப்படாது" என்கிறார் மேனேஜர்.

தரையில் நகம் கீறும் சத்தம் கேட்கிறது. வரிசையில்தான் வருகின்றன.